சாதி உண்டு, பெயர் இல்லை: தர்ஸ்டனின் ஒளிப்படத் தொகுப்பும் திண்டுக்கல் சமவெளியும்

1909ஆம் ஆண்டு சென்னை அரசு அச்சகம் ஏழு தொகுதிகள் கொண்ட நூல் ஒன்றை வெளியிட்டது. எட்கர் தர்ஸ்டன் எழுதி, கே. ரங்காச்சாரி துணைநின்ற ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ என்ற அந்நூல், நூறாண்டுகளைக் கடந்த பின்னும் நம் கல்லூரி நூலகங்களில் அதிகம் புரட்டப்படும் நூல்களுள் ஒன்றாக இருக்கிறது. தமிழ்ப் பல்கலைக்கழகம் அதைத் தமிழிலும் கொண்டுவந்தது. சாதிகளை ஆங்கில அகரவரிசையில் அடுக்கிச் செல்லும் அந்நூலின் இடையிடையே ஒளிப்படங்கள் உள்ளன. ஆண்கள், பெண்கள், குழந்தைகள், குடிசை வாசல்கள், சடங்குகள், மலைப்பாதைகள். படத்தின் கீழே ஒரு சொல் அல்லது இரு சொற்கள். பெரும்பாலான படங்களில் அச்சொல் ஒரு சாதியின் பெயர். படத்தில் நிற்பவரின் பெயரன்று.

இத்தொகுப்பை எப்படிப் படிப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். குறிப்பாக, திண்டுக்கல் போன்ற ஒரு வறண்ட சமவெளியில் வாழும் தலித் மக்கள் தம் முன்னோரின் முகத்தைத் தேடி இத்தகைய தொகுப்புகளுக்குள் நுழையும்போது அவர்களுக்கு என்ன கிடைக்கிறது, என்ன கிடைப்பதில்லை என்பதைப் பேச விரும்புகிறோம். ‘வழக்கம்’ என்று அந்தப் படங்கள் காட்டுவனவற்றுள் ஒரு பகுதி வழக்கமன்று, தடை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளாமல் அந்த நூலைத் திறப்பவர், ஒடுக்கியவரின் வாக்குமூலத்தை ஒடுக்கப்பட்டவரின் வரலாறாகப் படித்துவிடும் இடருக்கு ஆளாகிறார்.

அளவுகோலும் கேமராவும்

தர்ஸ்டன் மருத்துவம் பயின்றவர். 1885இல் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்று 1908 வரை அப்பதவியில் இருந்தார். மன்னார் வளைகுடாவின் கடல் உயிரினங்கள், நாணயங்கள் என்று அவருடைய அக்கறை பல திசைகளில் சென்றது. 1890களில் அது மனித உடலை அளப்பதில் வந்து நின்றது. வங்காளத்தில் ஹெர்பர்ட் ரிஸ்லி மூக்கின் அகலத்தையும் நீளத்தையும் அளந்து, அந்த விகிதத்தைக் கொண்டு சாதிகளை உயர்வு தாழ்வாக வரிசைப்படுத்த முடியும் என்று எழுதிவந்த காலம் அது. தர்ஸ்டன் அக்கருவிகளோடு தென்னிந்தியா முழுவதும் சுற்றினார். எழும்பூர் அருங்காட்சியகத்திலும் மக்களை நிறுத்தி அளந்தார். 1901இல் பிரித்தானிய அரசு இந்திய இனவரைவியல் அளவைப் பணியைத் தொடங்கியபோது சென்னை மாகாணத்திற்கான பொறுப்பு இயல்பாகவே அவரிடம் வந்தது.

ரங்காச்சாரி அருங்காட்சியகத்தில் அவருடைய உதவியாளர். 1906இல் தர்ஸ்டன் வெளியிட்ட ‘தென்னிந்திய இனவரைவியல் குறிப்புகள்’ நூலின் நாற்பது படங்களுள் பெரும்பாலானவற்றை அளித்தவர் அவரே. இவ்விவரம் பெரிதாகப் பேசப்படுவதில்லை. காலனிய இனவரைவியல் என்றதும் வெள்ளைக்கார அதிகாரியின் கண் மட்டுமே நம் நினைவுக்கு வருகிறது. சாதியின் மேல்தட்டிலிருந்து படித்து வந்த உள்ளூர் அலுவலர்கள், கிராம முன்சீப்புகள், கர்ணங்கள் ஆகியோரின் கண்ணும் காதும் இல்லாமல் அந்த ஏழு தொகுதிகள் உருவாகியிருக்க முடியாது. யாரை அழைத்து நிறுத்துவது, யாரிடம் எந்தக் கேள்வியைக் கேட்பது, கிடைத்த விடையை எப்படி மொழிபெயர்ப்பது என்ற முடிவுகளில் அவர்களுடைய கையும் இருந்தது.

ஒளிப்படத்தை ஆட்சிக்குப் பயன்படுத்துவது அப்போது புதிதன்று. 1858இல் லின்னேயஸ் டிரைப் மதுரையைப் படமெடுத்தார். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த அவருடைய படங்களில் கோபுரங்களும் தூண்களும் துல்லியமாக நிற்க, மனிதர்கள் மிகக் குறைவு. நீண்ட நேரம் ஒளியைப் பதிவு செய்யவேண்டிய அக்காலக் காகித எதிர்மறைகளில் நடமாடும் உடல்கள் பதிவதில்லை. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த ‘இந்திய மக்கள்’ என்ற அரசுத் தொகுப்பு மனிதர்களை வகைமாதிரிகளாக நிறுத்தியது. தர்ஸ்டன் காலத்திற்குள் உலர்தட்டு வந்துவிட்டது. கேமராவை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போக முடிந்தது. கோயில் தூணை அளந்த அதே பொறுமையோடு மனித உடலை அளக்கும் வாய்ப்பும் கூடவே வந்தது.

படத்துக்கு நின்றவர்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள்? இதற்கான சான்றைத் தர்ஸ்டனே தம் முன்னுரையில் விட்டுச் சென்றிருக்கிறார். வயநாட்டுப் பணியர் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடினார்களாம். தம்முள் நல்ல உடல்வாகு கொண்டவர்களைப் பிடித்து, பஞ்சடைத்து, அருங்காட்சியகத்தில் வைக்கப் போகிறார் என்று அஞ்சினார்களாம். நீலகிரி இருளர் ஒருவர் உயரம் அளக்கும் கோலைத் தூக்குமரம் என்று சொல்லி அருகே வர மறுத்தார். சேர்வராயன் மலையாளிகள், நம் நிலங்களை அரசு பறித்துக்கொண்டு நம்மை அந்தமானுக்கு அனுப்பப் போகிறது என்று எண்ணினார்கள். தர்ஸ்டன் இவற்றை நகைச்சுவைத் துணுக்குகளாக எழுதினார். நமக்கு அவை நகைச்சுவையாகத் தெரியவில்லை. பஞ்சடைத்த விலங்குகளும் மண்டையோடுகளும் நிறைந்த ஒரு கட்டடத்தின் தலைவர், கருவிகளோடு வந்து உடலை அளக்கிறார் என்றால், அப்பெண்களின் ஊகம் அறியாமை அன்று. நிறுவனத்தின் இயல்பை அவர்கள் ஏறத்தாழச் சரியாகவே கணித்திருந்தார்கள். நிலம் பறிபோகும் என்ற மலையாளிகளின் அச்சத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

திண்டுக்கல் எப்படிப் பதிவானது

இப்போது நம் சமவெளிக்கு வருவோம். 1985இல் தனி மாவட்டமாகும் வரை திண்டுக்கல் மதுரை மாவட்டத்தின் ஒரு பகுதி. 1875இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குச் சென்ற இருப்புப் பாதை ஊரைத் தொட்டது. அதன்பின் பயணிகளின் கண்ணில் திண்டுக்கல் என்பது முதலில் ஒரு பாறை. திண்டைப் போல் கிடக்கும் குன்றும் அதன்மேல் உள்ள கோட்டையும். அடுத்து, கொடைக்கானல் ஏறும் ஐரோப்பியர்களுக்கு அது வழியில் கடந்துபோகும் சமவெளி. பயணப் படங்களின் இலக்கணமே இப்படித்தான். பாறைக்கு முகம் உண்டு, பாறையின் அடியில் வேலை செய்பவருக்கு இல்லை.

பாறையின் அடியில் என்ன நடந்தது? சுற்றுவட்டாரத்தில் விளைந்த புகையிலை, சுருட்டாகி ஐரோப்பியச் சந்தைக்குப் போனது. ஸ்பென்சர் நிறுவனத்தின் சுருட்டுத் தொழிற்கூடம் இங்கே இயங்கியது. பேகம்பூர்ப் பகுதியில் தோல் பதனிடும் தொழில் வளர்ந்தது. சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலைத் தூக்கி, மயிர் நீக்கி, சதை சுரண்டி, ஆவாரம்பட்டைச் சாற்றில் போட்டெடுக்கும் வேலையின் கடினப் பகுதி தலித் உழைப்பாளிகளின் தோளில் விழுந்தது. தர்ஸ்டனின் இரண்டாம் தொகுதியில் அருந்ததியர் பற்றிய பதிவு, அன்றைய இழிபெயரின் கீழ் உள்ளது. செருப்பும் தோலும் அவர்களுடைய குலத்தொழில் என்று அது சொல்கிறது. ஆனால் அத்தோல் பதனிடப்பட்டு, ரயிலேறி, துறைமுகம் சென்று, கப்பலில் லண்டன் சந்தைக்குப் போகும் பொருளாதாரம் ‘குலத்தொழில்’ என்ற சொல்லுக்குள் மறைந்துபோகிறது. நவீன ஏற்றுமதித் தொழிலின் கூலியாள், பழங்காலப் பழக்கத்தின் எச்சமாகப் படம் பிடிக்கப்படுகிறார்.

மதுரைச் சீமையைப் பற்றித் தர்ஸ்டன் எழுதியவற்றில் பெரும்பகுதி வருவாய்த்துறை அதிகாரிகளின் நூல்களிலிருந்து எடுத்தாளப்பட்டது. 1868இல் நெல்சன் எழுதிய மதுரைக் கையேடும், 1906இல் பிரான்சிஸ் எழுதிய மதுரை மாவட்ட விவரச்சுவடியும் அவருக்கு ஊற்றுகள். அதாவது வரி வசூலிக்கவும் காவலை நடத்தவும் தொகுக்கப்பட்ட செய்திகளே ‘மக்களின் பழக்கவழக்கங்கள்’ என்று மறுபிறவி எடுத்தன.

1896இல் திண்டுக்கல் வட்டாரத்தில் நடந்த ‘பண்டு’ கிளர்ச்சி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கள்ளர் காவல்முறையை எதிர்த்து ஊர்மக்கள் பொதுநிதி திரட்டினர். திருடுபோன மாட்டுக்கு அதிலிருந்து ஈடு கொடுப்பது, கள்ளரைக் காவலுக்கு வைப்பதில்லை என்று உறுதி எடுத்தனர். ‘பண்டு’ என்ற பெயரே நிதியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் உள்ளூர் வடிவம். மோதல்கள் பரவின. காவலுக்கும் கூலிக்கும் அதிகாரத்துக்குமான இப்பூசலை அதிகாரிகளின் ஏடுகள் ஒரு சாதியின் பிறவிக்குணம் பற்றிய செய்தியாகச் சுருக்கின. பின்னர் 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தபோது, பிறமலைக் கள்ளர்களின் விரல்ரேகைகள் பதிவேடுகளில் ஏறின. தர்ஸ்டன் சென்னைக் காவல்துறையினருக்கு உடலளவியல் கற்றுத் தந்தவர் என்பதை இங்கே நினைவில் கொள்ளவேண்டும். இனவரைவியல் படமும் காவல்நிலையப் படமும் தூரத்து உறவினர்கள் அல்ல. ஒரே வகுப்பறையிலிருந்து வெளிவந்தவை.

வழக்கமா, தடையா?

இதே தென்மாவட்டங்களில், மதுரைக்குக் கிழக்கே இராமநாதபுரம் மாவட்டத்தில் நடந்த ஒன்றை அடுத்துப் பார்க்கவேண்டும். அது தர்ஸ்டனின் படங்களைப் படிக்கும் முறையையே மாற்றிவிடுகிறது.

1930 டிசம்பரில் அங்குள்ள கள்ளர் சமூகத்தினர் ஆதி திராவிடர்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் இவற்றைத் தம் ‘இந்தியாவில் சாதி’ நூலில் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை அணியக்கூடாது. ஆண்களின் துணி முழங்காலுக்குக் கீழோ இடுப்புக்கு மேலோ இருக்கக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. தலைமுடியைக் கிராப்பு வெட்டிக்கொள்ளக்கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மூடக்கூடாது. பூ வைக்கவோ மஞ்சள் பூசவோ கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக்கூடாது, செருப்பு அணியக்கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, கால்நடைகள் சூறையாடப்பட்டன. 1931இல் தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் படிக்கக்கூடாது என்பதும், சொந்தமாகப் பயிரிடக்கூடாது என்பதும் அவற்றில் அடங்கும்.

குற்றப் பரம்பரை என்று அரசால் முத்திரை குத்தப்பட்ட ஒரு சமூகத்தின் ஆட்களே, தமக்குக் கீழே இருந்தோர்மீது இந்தப் பட்டியலைத் திணித்தார்கள். படிநிலை ஏற்றத்தாழ்வு என்று அம்பேத்கர் சொன்னது இதைத்தான்.

இப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இனவரைவியல் படங்களுக்குத் திரும்புங்கள். இடுப்புத் துணியோடு வெற்றுடம்பில் நிற்கும் ஆண், மேலாடை இல்லாத பெண், பூவற்ற கூந்தல், வெறுங்கால், பின்னணியில் மண்சட்டிகள். நூல் இவற்றைச் சாதியின் அடையாளங்களாக, பழக்கமாக, தொன்மையாகக் காட்டுகிறது. சட்டை அணிந்தால் குடிசை எரியும் என்ற செய்தி படத்தில் இல்லை. அக்காலத்தில் மேல்சாதி ஆண்களும் வெற்றுடம்போடு இருந்தார்களே என்று ஒருவர் கேட்கலாம். இருந்தார்கள். வேண்டியபோது மேல்துண்டை எடுத்துப் போர்த்திக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு இருந்தது. ஒளிப்படம் இரு உடல்களையும் ஒன்றுபோலக் காட்டும். ஒருவருக்கு அது விருப்பம், மற்றவருக்குக் கட்டளை என்பதை அது காட்டாது. அந்த வேறுபாட்டை நாம்தான் வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்க்கவேண்டும்.

தடை ஏன் 1930இல் எழுத்துவடிவம் பெற்றது என்பதும் சிந்திக்கத்தக்கது. யாரும் செய்யாத ஒன்றைத் தடைசெய்யத் தேவையில்லை. ஆதி திராவிடர்கள் சட்டை அணியத் தொடங்கியிருந்தார்கள், குடை வாங்கியிருந்தார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியிருந்தார்கள். இலங்கைத் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போய் வந்தவர்களின் கையில் கொஞ்சம் காசும் உடம்பில் புதுத்துணியும் இருந்தன. அந்தப் பட்டியலைத் தலைகீழாகப் படித்தால், ஒரு மக்கள்கூட்டம் எழுந்து நின்றதன் பதிவேடு அது.

ஸ்டூடியோவுக்குப் போனவர்கள்

எழுந்து நின்றவர்கள் கேமராவின் முன்னும் வேறு விதமாக நின்றார்கள். தர்ஸ்டன் அருங்காட்சியகத்தில் தம் நூலுக்கான குறிப்புகளைத் தொகுத்துக்கொண்டிருந்த அதே சென்னையில், 1907 ஜூனில் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். 1893இலேயே இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழை நடத்தத் தொடங்கியிருந்தார். தர்ஸ்டனின் ஆறாம் தொகுதியில் பறையர் பற்றிய நீண்ட கட்டுரையில் கிறித்தவப் பாதிரியார்களும் அதிகாரிகளும் பேசுகிறார்கள். பறையரே நடத்திய இதழ்களும், அவர்கள் அரசுக்கு அனுப்பிய மனுக்களும், பூர்வ பௌத்தர் என்று அவர்கள் முன்வைத்த வரலாறும் அந்நூலின் போக்கைத் தீர்மானிக்கவில்லை. சில கல் தொலைவில் அச்சாகிக்கொண்டிருந்த குரலைக் கேட்காமல், ‘பேசாத’ உடல்களை அளந்து எழுதுவதை அன்றைய அறிவியல் குறையாகக் கருதவில்லை.

அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா ஆகியோரின் இன்று புழங்கும் உருவப்படங்களைப் பாருங்கள். முழு உடை, நேர்ப்பார்வை. இரட்டைமலையாரின் கோட்டில் பதக்கங்கள். கீழே சாதிப்பெயர் அல்ல, அவரவர் பெயர். ஹட்டன் பதிவு செய்த பட்டியலை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால் அந்தக் கோட்டுக்கு வேறு எடை வந்துவிடுகிறது. அம்பேத்கரின் கோட்டும் சூட்டும் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு, அவருக்கு முந்திய தமிழகத் தலைவர்களின் உடையைப் பற்றி நாம் எழுதவில்லை.

தலைவர்களோடு இது நின்றுவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஸ்டூடியோக்கள் சிறு நகரங்களுக்கும் பரவின. வண்ணம் தீட்டிய திரைச்சீலை, நாற்காலி, பூச்சாடி, கடன்வாங்கிய கைக்கடிகாரம். இவை போலிப் பகட்டு என்று மேட்டுக்குடி ரசனை நகைப்பதுண்டு. நாம் அப்படிப் பார்க்கவில்லை. தெருவில் குடை பிடிக்க முடியாத ஒருவர், நான்கு சுவர்களுக்குள் திரைச்சீலையின் முன் குடையோடு நிற்கிறார் என்றால், அந்த நான்கு சுவர்கள் அவருக்குக் கிடைத்த சிறிய விடுதலைப் பகுதி. ஸ்டூடியோவில் காசு கொடுப்பவரே எப்படி நிற்பது என்று முடிவு செய்தார். அருங்காட்சியகத்தின் முன் நின்றவருக்கு அது வாய்க்கவில்லை.

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, தமிழகப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களையும் குடும்பப் படங்களையும் எண்மமாக்கியது. 1880 முதல் 1980 வரையிலான காலத்தை அத்திட்டம் எடுத்துக்கொண்டது. இது மிகுந்த மதிப்புள்ள பணி. ஆயினும் எந்த ஸ்டூடியோத் தொகுப்பும் காசு கொடுத்துப் படமெடுத்துக்கொள்ள முடிந்தவர்களின் தொகுப்பே. எதிர்மறைத் தட்டுகள் வெள்ளிக்காகவும் கண்ணாடிக்காகவும் விற்கப்பட்டுப் போனவை ஏராளம். சேரியின் கூரைவீட்டில், ஒழுகும் மழையிலும் கரையானிலும், சில நேரம் ஆதிக்கச் சாதியினர் வைத்த தீயிலும் போன படங்களுக்குக் கணக்கே இல்லை.

அளவுகளைத் திருப்பிப் பிடித்த அம்பேத்கர்

அப்படியானால் தர்ஸ்டனின் தொகுதிகளைத் தூக்கி எறிந்துவிடலாமா? எறிய வேண்டாம் என்பதற்கு நம் முன் ஒரு முன்மாதிரி உண்டு. 1948இல் வெளியான ‘தீண்டப்படாதோர்’ நூலில் அம்பேத்கர், தீண்டாமைக்கு இனவேறுபாடே காரணம் என்ற கொள்கையை எடுத்து ஆராய்கிறார். உடலளவியல் பொய் என்று சொல்லி அவர் ஒதுங்கவில்லை. குர்யே தொகுத்த மூக்களவு எண்களையே கையில் எடுக்கிறார். இந்த அளவியல் நம்பத்தக்க அறிவியல் என்றால், இதே எண்களின்படி பிராமணரும் தீண்டப்படாதோரும் ஒரே இனத்தவர் என்றுதான் ஆகிறது என்று காட்டுகிறார். பிராமணர் ஆரியர் என்றால் தீண்டப்படாதோரும் ஆரியர், பிராமணர் திராவிடர் என்றால் இவர்களும் திராவிடர். எதிரியின் அளவுகோலை வாங்கி அவன் கட்டடத்தையே அளந்து, அது கோணல் என்று நிறுவிய செயல் அது.

ஒளிப்படங்களையும் நாம் இவ்வாறே கையாள முடியும். ஆனால் இன்று நடப்பது பெரும்பாலும் வேறு. அந்த ஏழு தொகுதிகளும் காப்புரிமைக் காலம் கடந்து இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. படங்கள் தனித்தனியே வெட்டி எடுக்கப்பட்டு, சாதிப்பெயரோடு கலைக்களஞ்சியப் பக்கங்களிலும் முகநூல் பதிவுகளிலும் சுற்றுகின்றன. ஒரு சாதிச் சங்கம் தன் ‘ஆண்ட’ பெருமைக்கு ஒரு படத்தை ஒட்டிக்கொள்கிறது. இன்னொரு சாதியை இழிவுபடுத்த அடுத்த பக்கத்தின் படம் பயன்படுகிறது. மாணவர்களின் ஆய்வேடுகளில் ‘தர்ஸ்டன் கூறுகிறார்’ என்ற வரி, தர்ஸ்டனுக்கு யார் கூறினார் என்ற கேள்வியின்றி வந்து போகிறது. 1909இல் ஓர் அதிகாரி ஒட்டிய சீட்டு, அந்தப் பெயரில் அழைக்கப்பட மறுத்துப் போராடிய மக்களின் பேரப்பிள்ளைகளின் திரையில் அப்படியே ஒளிர்கிறது. தேவேந்திரகுல வேளாளர் என்ற பொதுப்பெயர் 2021இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலமே ஏற்கப்பட்டது என்பதை நினைத்தால், ஒரு படத்தின் கீழுள்ள பெயர் எவ்வளவு நீண்ட பூசலின் பொருள் என்பது விளங்கும்.

திண்டுக்கல்லில் இப்பணியைத் தொடங்க எழும்பூருக்கோ லண்டனுக்கோ முதலில் போகவேண்டியதில்லை. ஆத்தூர், நிலக்கோட்டை, வேடசந்தூர், நத்தம், பழனி வட்டாரங்களின் குடியிருப்புகளில், சுவரில் மாலையோடு தொங்கும் படங்களும் தகரப்பெட்டியின் அடியில் உள்ள படங்களும் நம் முதல் ஆவணக்காப்பகம். இலங்கையிலிருந்து திரும்பியவர்களின் அடையாள ஆவணங்களில் ஒட்டிய சிறுபடங்கள், தொழிற்சங்கக் கூட்டத்தில் எடுத்த குழுப்படங்கள், மிஷன் பள்ளி வகுப்புப் படங்கள் எல்லாம் இதில் சேரும். மாவட்டத்திற்குள்ளேயே, கொடைக்கானல் செண்பகனூரில் இயேசு சபையினரின் மதுரை மாநில ஆவணக்காப்பகம் இருக்கிறது. கிறித்தவம் தழுவிய தலித் குடும்பங்களின் முந்தைய தலைமுறைகளைத் தேடும் மாணவர்கள் அங்கே முறைப்படி அனுமதி கேட்டுச் செல்லலாம். மிஷன் ஆவணங்களிலும் ‘மதம் மாறியோர்’ என்ற பொதுச்சீட்டு தனிப்பெயரை விழுங்கிவிடுவது உண்டு. ஆனால் ஞானஸ்நானப் பதிவேடுகளில் பெயர்கள் உள்ளன. படத்தையும் பதிவேட்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதில்தான் பயன் இருக்கிறது.

வீட்டுப் படங்களைத் தொகுக்கும்போது மூலப்படத்தை வாங்கி வந்துவிடக்கூடாது. வீட்டிலேயே நகலெடுத்துக்கொண்டு, படத்தை அதன் ஆணிக்கே திருப்பித் தரவேண்டும். படத்தில் உள்ளவர்கள் பற்றி அந்த வீட்டின் மூத்தவர், குறிப்பாகப் பாட்டிமார், பேசுவதை ஒலிப்பதிவு செய்யவேண்டும். ஆண்களின் பெயரைச் சொல்லிவிட்டு ‘அது அவர் சம்சாரம்’ என்று கடந்து செல்லும் இடத்தில் நிறுத்தி, அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கவேண்டும். அட்டையின் பின்புறம் ஸ்டூடியோவின் முத்திரை இருந்தால் அதையும் படமெடுக்கவேண்டும். அந்த ஒரு முத்திரை, கையில் படம் வைத்திருப்பவரின் தாத்தா எந்த ஊரில் என்ன வேலை செய்தார் என்பதுவரை நம்மைக் கொண்டுபோய்விடக்கூடும். வெளியிடுவதா, வீட்டுக்குள் வைத்துக்கொள்வதா என்ற முடிவு குடும்பத்தினுடையது. பிறகு, அவர்கள் ஒப்புக்கொண்டால், நகலின் பின்புறம் மென்மையான பென்சிலால் எழுதவேண்டும். மையில் எழுதினால் காலப்போக்கில் முன்பக்கம் கசியும். முதலில் பெயர், அடுத்து ஊர், அதற்கடுத்து அவர் செய்த வேலை, படமெடுத்த ஆண்டு.